அப்பாவின் கல்லும் ஆலையின் உமியும்: உப்புக் காற்றில் கட்டும் வீட்டுக்கு எதைக் கலப்பது?

1990 ஆம் ஆண்டு விட்டுவந்த வலிகாமம் வடக்குக் காணிக்குள் மறுபடி கால் வைத்தபோது, வீடு நின்ற இடத்தில் ஒரு கல்மேடுதான் இருந்தது. சுற்றிலும் பற்றை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழுவதும் பார்த்து, பாதுகாப்பான காணி என்று சொன்ன பின்னர்தான் அந்த மேட்டைத் தொட்டோம். மேசன் அண்ணை வந்து பார்த்துவிட்டு, இரண்டு டிப்பர் பிடித்தால் ஒரே நாளில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார். அம்மா மறுத்துவிட்டார். அப்பா கட்டிய கல் வளவை விட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய முடிவு.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டட வேலைத் தளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்றவன் நான். இடிபாட்டுக் கல்லை எங்கே போடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், கிளிநொச்சியில் நெல் ஆலை வைத்திருக்கும் மைத்துனர், உமிச் சாம்பல் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். கனடாவில் இருக்கும் தங்கை, பிளாஸ்ரிக் போத்தல்களை உருக்கிச் செய்த கல்லைப் பற்றிய காணொளி ஒன்றை அனுப்பினாள். கடையில் சீமெந்து கேட்டால் இரண்டு வகைப் பையைக் காட்டுகிறார்கள். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு வீட்டுக்குள் எல்லாவற்றையும் கொட்ட முடியாது. எது எங்கே போகலாம், எது வளவுக்குள்ளேயே வரக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். இதே நிலையில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

எடைபோட ஒரு தராசு வேண்டும். கழிவைக் கலந்த கொங்கிறீட் என்றதும் எல்லோரும் கேட்கும் முதற்கேள்வி, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. யாழ்ப்பாணத்தில் ஒரு தட்டு வீடுகள் பாரம் தாங்காமல் விழுந்ததை நான் கண்டதில்லை. அவை உப்பால் சாகின்றன. கரையோர வீதியால் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: இருபது இருபத்தைந்து வயதுகூட ஆகாத வீட்டின் யன்னல் மேற்கூரையில் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும்.

நல்ல கொங்கிறீட்டின் உட்புறம் மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் பீஎச் அளவு 12.5 க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகி, துருவைத் தடுக்கிறது. கடற்காற்றோடும் உவர்க் கிணற்று நீரோடும் கழுவாத கடல்மணலோடும் வரும் உப்பின் குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து அப்படி நெம்பினால் எந்தக் கொங்கிறீட்டும் வெடிக்கும். ஆகவே என் தராசின் முதல் தட்டில் வைத்த கேள்வி இதுதான்: இந்தக் கழிவு உப்பு நுழையும் வழியை அடைக்கிறதா, திறந்துவிடுகிறதா? இரண்டாவது கேள்வியும் அதே அளவு முக்கியம். கையில் இருக்கும் பொருள் நல்லதா கெட்டதா என்று ஒரு சாதாரணக் குடும்பத்தால் சரிபார்க்க முடியுமா?

ஏன் இந்தப் பாடு, வழமைபோல் சீமெந்தும் மணலும் சல்லியும் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பவர்களை நம் காலுக்குக் கீழே பார்க்கச் சொல்வேன். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் நமக்கில்லை. வழுக்கையாற்றில் மாரியில் மட்டும்தான் நீரோட்டம். பெய்யும் மழையை அந்தச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் வாங்கி வைத்துத்தான் கிணறுகளுக்குத் தருகின்றன. அதே கல்தான் சீமெந்தின் மூலப்பொருளும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 களில் இருந்து, 1990 இல் போர் அதை மூடும் வரை, அந்தக் கல்லை வெட்டித்தான் ஓடியது. வெட்டிய பெருங்குழிகள் அந்தப் பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன. சுண்ணக்கல்லைச் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் வரை சுடும்போது, எரிபொருளின் புகையோடு, கல்லுக்குள் பிணைந்திருந்த காபனீரொட்சைட்டும் வெளியேறுகிறது. ஒரு தொன் சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கு ஏறத்தாழ 0.8 முதல் 0.9 தொன் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 50 கிலோ பை ஒன்றுக்கு 40 கிலோவுக்குக் குறையாது. உலகத்தின் மொத்தக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7 அல்லது 8 சதவீதம் சீமெந்தால் வருவது இப்படித்தான்.

மணலுக்கு வந்தால் நெஞ்சு இன்னும் வலிக்கிறது. மணற்காடு, நாகர்கோவில் பக்கத்து மணற்குன்றுகள் மழைநீரை நன்னீராகத் தாங்கி வைப்பவை. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவை. 2004 சுனாமி வடமராட்சி கிழக்கை எப்படி அடித்தது என்பதை நாம் மறந்திருக்க முடியாது. அந்தக் குன்றுகளை லொறி லொறியாக அள்ளிச் சுவரில் பூசிக்கொண்டிருக்கிறோம். கருங்கல் குடாநாட்டில் கிடையவே கிடையாது. பெருநிலப்பரப்பில் உடைத்து வீதி வழியாக ஏற்றி வர வேண்டும். வளவுக்குள் கிடக்கும் ஒரு கியூப் கல்லைப் பயன்படுத்தினால், ஒரு கியூப் சல்லி அந்தத் தூரம் ஓடி வர வேண்டியதில்லை.

உமிச் சாம்பலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஏட்டளவில் அதற்கு நிகரான பொருள் இந்தப் பட்டியலில் இல்லை. சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு மிஞ்சுகிறது. அது வலுவுக்கு உதவாது. நீரில் கரைந்து வெளியேறி, போன இடத்தில் நுண்துளையை விட்டுச் செல்லும். உமிச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. அந்தச் சிலிக்கா, மிஞ்சிய கல்சியம் ஐதரொட்சைட்டைப் பிடித்து, கொங்கிறீட்டை ஒட்டவைக்கும் அதே பசையாக மாற்றுகிறது. துளைகள் அடைபடுகின்றன, உப்பு உள்ளே போகும் வேகம் குறைகிறது. முறையாக எரித்து, முறையாக அரைத்த சாம்பலைச் சீமெந்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குப் பதிலாகப் போட்டால் 28 ஆம் நாள் வலு குறைவதில்லை. பல வேளைகளில் கூடுகிறது. நெல்லை உண்டுவிட்டு அதன் தோலைக் கொண்டு வீட்டை உப்பில் இருந்து காப்பது என்பது எனக்கு மிகவும் பிடித்த எண்ணம். இது நடக்க வேண்டும் என்றே விரும்பி மைத்துனரின் ஆலைக்குப் போனேன்.

முறையாக எரித்து, முறையாக அரைத்த என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உமியை 500 முதல் 700 பாகை செல்சியசுக்குள் காற்றோட்டத்தோடு எரித்தால், சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்போடு, வினைபுரியத் தயாரான நிலையில் நிற்கும். சூடு அதற்கு மேலே ஏறி நெடுநேரம் நின்றால் பளிங்காகிவிடும். பளிங்கான சிலிக்கா மணலைப் போன்றது, சீமெந்தோடு பேசாது. சூடும் காற்றும் போதாவிட்டால் கரி மிஞ்சும். கறுத்த சாம்பல் தண்ணீரைக் குடிக்கும். மேசன் கலவை இளகட்டும் என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார். அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் உப்புக்கு வாசல். குமார் மேத்தா என்ற பொறியியலாளர் 1970 களில் கலிபோர்னியாவில் உமியைக் கட்டுப்பாட்டோடு எரிக்கும் முறைகளை வகுத்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

மைத்துனரின் ஆலையில் புழுங்கல் அரிசிக்காக நெல் அவிக்கிறார்கள். அந்தக் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். அங்கே நோக்கம் நீராவி. சாம்பலின் தரத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஒரே குவியலுக்குள் சாம்பல் நிறமும் கரிக்கறுப்பும் பாதி வெந்த உமியும் கிடந்தன. நன்றாகக் காய்ந்த சாம்பலில் 10 கிராம் நிறுத்து, நகை வேலை செய்யும் உறவினரின் உலையில் மறுபடி சுட்டுப் பார்த்தேன். ஒன்றரைக் கிராமுக்கு மேல் எரிந்து போயிற்று. இப்படி எரிந்து போகும் பங்குக்கு, நிலக்கரிச் சாம்பலில் அமெரிக்கத் தரநிர்ணயம் விடும் எல்லை 6 சதவீதம். எரிமலைச் சாம்பல் போன்ற, சுண்ணாம்போடு வினைபுரியும் இயற்கைப் பொசலான்களுக்கு 10 சதவீதம். எங்கள் குவியல் இரண்டையும் தாண்டிவிட்டது. நகை உலை ஆய்வுகூடம் ஆகாது என்பது தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்ட அது போதும்.

அளவையும் பார்க்க வேண்டும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். கம்பி வரும் வேலைகளுக்கு ஒரு வீட்டில் 200 பை, அதாவது 10 தொன் சீமெந்து போகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 10 சதவீதத்துக்கு ஒரு தொன் சாம்பல் வேண்டும். அதற்கு 5 தொன் உமி. 25 தொன் நெல். கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல்லுக்கு முன்னால் இது பெரிய தொகை அல்ல. ஆலைகளில் சாம்பல் இருக்கிறது. அதைத் தரமாக எரிக்கும் உலையும், சீமெந்தின் நுண்மைக்கு அரைக்கும் குண்டு ஆலையும்தான் இல்லை. மிளகாய்த்தூள் அரைக்கும் இயந்திரத்தில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். அரைபடாது என்பது ஒருபுறம் இருக்க, உணவு அரைக்கும் இடத்துக்குள் சிலிக்காத் தூளைக் கொண்டுபோவது பெரும் பிழை. பளிங்கான சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். சாக்கைத் திறந்து கொட்டும்போதுகூட முகக்கவசம் வேண்டும்.

ஆகவே கம்பி வரும் இடங்களுக்கு ஆலைக் குவியலில் அள்ளிய சாம்பலை நான் ஏற்கவில்லை. இந்த முடிவு எனக்குக் கசக்கிறது. ஆலை உரிமையாளர்களோ கூட்டுறவுச் சங்கமோ ஓர் உலையும் ஓர் அரைக்கும் ஆலையும் போட்டு, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, பையில் கட்டிக் கொடுத்தால் வடக்கின் கரையோர வீடுகளுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அறிவியல் நகரில், நெல் வயல்களுக்கு அருகிலேயே இருக்கிறது. உமியும் அறிவும் ஒரே மாவட்டத்தில் நிற்கின்றன.

இனி நிலக்கரிச் சாம்பல். நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியில் இருந்து வருவது. நிலக்கரியை எரிப்பதை நான் விரும்புகிறவன் அல்லன். ஆனால் எரித்தாகிவிட்டது, சாம்பல் காற்றிலும் நிலத்திலும் சேர்வதைவிடக் கொங்கிறீட்டுக்குள் பூட்டி வைக்கப்படுவது மேல். அதன் துகள்கள் உருண்டையானவை. அதனால் கலவை குறைந்த நீரிலேயே இளகி நிற்கும். உமிச் சாம்பலுக்கு நேர் எதிரான நல்ல குணம் இது. துளையை அடைக்கும் வேதியியல் இரண்டுக்கும் ஒன்றே.

இதில் குடும்பத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சாம்பலைத் தனியாகத் தேடி, நிறுத்து, கலக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே கலந்த சீமெந்தாகப் பையில் வருகிறது. பையில் எஸ்.எல்.எஸ். 1247 என்று இருந்தால் அது கலப்புச் சீமெந்து, எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண போட்லண்ட். கடைக்காரர் கலப்புச் சீமெந்தைப் பூச்சு வேலைக்குத்தான் என்று சொல்லி ஒதுக்கக்கூடும். கரையோர வீட்டுக்கு நான் அதைத்தான் தூணுக்கும் வளைக்கும் எடுத்தேன், பையில் அச்சிட்ட வலு வகுப்பைப் பார்த்த பிறகு. சரிபார்க்க முடியுமா என்ற என் இரண்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண் பெற்றது இது ஒன்றுதான்.

அதற்கும் விலை கொடுக்க வேண்டும். கலப்புச் சீமெந்து மெதுவாக வலுப்பெறும். பலகையையும் முட்டுகளையும் வழமையைவிடச் சில நாள் பிந்திக் கழற்ற வேண்டும். நீராற்றுவது, அதாவது இறுகும்போது காயவிடாமல் நனைத்து வைப்பது, ஏழு நாளில் முடியாது, பதினான்கு நாள். இதில் அவசரப்பட்டால் பலன் தலைகீழாகும். சாம்பல், கல்சியம் ஐதரொட்சைட்டைத் தின்று காரத்தைச் சிறிது குறைக்கிறது. நீராற்றாமல் விட்ட மேற்பரப்பின் வழியாகக் காற்றின் காபனீரொட்சைட்டு எளிதாக உள்ளே நுழைந்து, மிஞ்சிய காரத்தையும் குறைத்துவிடும். அப்போது உப்பு இல்லாமலே கம்பி துருப்பிடிக்கும். சோழகம் வீசும் மாதங்களில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காய்ந்துவிடுகிறது. ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பொலித்தீன் மூடி, இரண்டு வேளை நனைக்க ஒருவர் வளவில் இருக்க முடியாவிட்டால், இந்தச் சீமெந்தை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது அப்பாவின் கல். இடிந்த வீட்டுக்குள் ஒரே பொருள் இல்லை என்பதைக் குவியலைப் பிரிக்கும்போதுதான் உணர்ந்தேன். பழைய சுவரின் சுண்ணக்கல், சுண்ணாம்புச் சாந்து, பின்னாளில் சேர்த்த அறையின் சீமெந்துக்கல், நிலத்துக் கொங்கிறீட், உடைந்த ஓடு, உக்கிய பனஞ்சிலாகை, இரும்பு. வகைக்கு ஒரு குவியலாகப் பிரிக்க நான்கு பேருக்கு ஆறு நாள் சென்றது. அஸ்பெஸ்ரஸ் தகடு ஒன்றிரண்டு அகப்பட்டபோது அவற்றை உடைக்காமல், நனைத்து, பொலித்தீனில் சுற்றித் தனியே வைத்தோம். அதைக் கல்லோடு சேர்த்து நொறுக்குவது, வேலை செய்பவருடைய மூச்சில் நஞ்சை வைப்பதற்குச் சமம். எந்த அவசரத்திலும் யாரும் இதைச் செய்யக்கூடாது.

உடைத்த பழைய கொங்கிறீட்டைச் சல்லியாகப் போடும்போது, ஒவ்வொரு கல்லிலும் பழைய சாந்து ஒட்டியிருக்கிறது. அந்தச் சாந்து பஞ்சைப் போன்றது. கருங்கற் சல்லி தன் எடையில் ஒரு சதவீதம் அளவு நீரைத்தான் உறிஞ்சும். பழைய கொங்கிறீட் கல் 4 முதல் 10 சதவீதம் வரை உறிஞ்சும். காய்ந்த கல்லை அப்படியே கலவையில் போட்டால் சீமெந்துக்குப் போக வேண்டிய நீரைக் கல் இழுத்துக்கொள்ளும். முதல் நாள் இரவு ஊறவைத்து, காலையில் மேல் நீர் வடியவிட்டுப் போட வேண்டும். நல்ல, சுத்தமான பழைய கொங்கிறீட் என்றால் சல்லியில் 20 முதல் 30 சதவீதம் வரை கம்பி வேலைக்கும் சேர்க்கலாம் என்பது பல நாடுகளின் நடைமுறை.

நான் அதைச் செய்யவில்லை. இந்தக் கல் முப்பது வருடத்துக்கு மேல் கூரையில்லாமல், கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்றிலும் மழையிலும் நின்ற கல். அதற்குள் எவ்வளவு உப்பு ஊறியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. கம்பி இல்லாத இடத்தில் உப்புக்குத் தின்ன ஒன்றும் இல்லை. ஆகவே அப்பாவின் கல் கம்பிக்குக் கிட்ட வராது. அத்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கொங்கிறீட்டுக்கு, அறைகளின் நிலத்துக்கு, கிணற்றடிக்கு, படலையில் இருந்து வாசல் வரையான நடைபாதைக்கு அது போகிறது. சுண்ணக்கல் துண்டுகள் நிலத்தை உயர்த்தி இறுக்குவதற்குப் போய்விட்டன. ஐந்து மில்லிமீற்றர் அரிதட்டில் கீழே விழுந்த தூளை நிலக் கலவைக்குச் சேர்க்கவில்லை. மிக நுண்ணிய தூள் நீரைக் கூட்டும். அது நடைபாதையின் அடியில் பரவிக் கிடக்கிறது. டிப்பரில் ஏற்றி அனுப்பவும், பிறகு அதே அளவு சல்லியை வாங்கி இறக்கவும் கொடுத்திருக்க வேண்டிய பணம் அந்த ஆறு நாள் கூலியைவிட அதிகம். கல்லை யார் கட்டியது என்ற கணக்கை இங்கே சேர்க்கவில்லை.

ஓட்டுத் துண்டுகளைப் பற்றி ஒரு சொல். சுட்ட களிமண்ணை நன்றாக அரைத்தால் அதுவும் சாம்பலைப் போலவே சுண்ணாம்போடு வினைபுரியும். சுர்க்கி என்று முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கலந்தது அதைத்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரைத் திருத்துகிறவர்களுக்கு அது சீமெந்தைவிடப் பொருத்தம். எங்களிடம் திருத்த ஒரு சுவரும் மிஞ்சவில்லை.

தேங்காய்ச் சிரட்டையையும் ஊமலையும் சல்லிக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்டவர்கள் பலர். பனங்கிழங்கு எடுத்த பின் மிஞ்சும் பனங்கொட்டையான ஊமல் நம் வளவுகளில் குவிந்து கிடப்பதால் இந்தக் கேள்வி இயல்பானது. சிரட்டைச் சல்லியில் ஒரு கன மீற்றருக்கு 2,000 கிலோ அளவுக்கு இலேசான கொங்கிறீட் செய்து, ஒரு தட்டு வீட்டுக்குப் போதுமான வலுவும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த வலுவைப் பெற வழமையைவிடக் கூடுதலாகச் சீமெந்து போட வேண்டியிருக்கிறது. சீமெந்தைக் குறைப்பதற்காகத் தொடங்கிய வேலை சீமெந்தைக் கூட்டுவதில் முடிகிறது. சிரட்டைக்கும் ஊமலுக்கும் கரியாக நல்ல பெறுமதி உண்டு. அடுப்புக்கு அவை மிகப் பொருத்தமானவை. தும்பின் கதை சற்று வேறு. நறுக்கிய தென்னந்தும்பையோ பனந்தும்பையோ பூச்சில் சிறிதளவு சேர்த்தால், முதல் நாளில் விழும் மயிர்வெடிப்புகள் குறையும். காரத்தில் தும்பு காலப்போக்கில் உக்கிவிடும் என்பதால் அதை நம்பிக் கம்பியைக் குறைப்பது ஆபத்து. பின்சுவரின் பூச்சில் மட்டும் பரீட்சித்துப் பார்க்கப் போகிறேன்.

போத்தல் கண்ணாடியை மாவைப்போல, 75 மைக்ரோனுக்குக் கீழே அரைத்தால் நல்ல பொருள். பருமனாகப் போட்டால் சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து வீங்கும் கூழ் உண்டாகிக் கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். அரைக்க வழியில்லாத இடத்தில் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

தங்கை அனுப்பிய பிளாஸ்ரிக் கல்லுக்கு என் பதில் முடியாது என்பதுதான். சீமெந்துப் பசை பிளாஸ்ரிக்கோடு ஒட்டுவதில்லை. கூட்டக் கூட்ட வலு குறைகிறது. உருக்கிச் செய்வதானால் அந்தப் புகையை யாராவது மூச்சில் வாங்க வேண்டும். தேயும் இடமெல்லாம் நுண்துகள்கள் மழையோடு மண்ணுக்குள் போகும். மற்ற ஊர்களில் மண் வடிகட்டி அனுப்ப நேரம் இருக்கலாம். இங்கே மேல்மண் ஆழமில்லை. கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல். வளவில் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றில் வரும் நிலம் இது. தங்கை கோபிக்கவில்லை; ஏன் என்று விளக்கி எழுதச் சொன்னாள். இந்தக் கட்டுரையின் பாதி அவளுக்கு எழுதிய கடிதம்தான்.

எந்தக் கழிவைத் தேர்ந்தாலும் தண்ணீர் கெட்டால் எல்லாம் கெட்டதுதான். கம்பி வரும் கொங்கிறீட்டுக்குப் பாவிக்கும் நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிர்ணயம். ஏறத்தாழ 250 மில்லிகிராமிலேயே நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும். ஆகவே குடிக்க முடியாத அளவுக்கு உவர்க்கும் கிணற்று நீரைக் கலவைக்கும் நீராற்றவும் எடுக்க வேண்டாம். தீவகத்திலும் கரையோரத்திலும் உள்ளவர்கள் கலவைக்கு மட்டுமாவது நல்ல நீரை பவுசரில் எடுக்க வேண்டும். 50 கிலோ பைக்கு 25 லீற்றர் அளவுதான் தேவை, ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் பயப்படும் தொகை அல்ல. கம்பிக்கு வெளியே 25 மில்லிமீற்றர் மூடலோடு பழகிய மேசன்மாரை 40 மில்லிமீற்றருக்குக் கொண்டுவருவது தண்ணீரைவிடக் கடினமாக இருந்தது. சிறு சீமெந்துக் கட்டைகளை அந்தக் கனத்தில் வார்த்துக் கையில் கொடுத்த பிறகுதான் சரிவந்தது.

கடைசியில் எங்கள் வளவில் முடிவானது இவ்வளவு. தூண், வளை, யன்னல் மேற்கூரை, தண்ணீர்த் தாங்கியின் தளம் எல்லாம் கலப்புச் சீமெந்து, கருங்கற் சல்லி, 40 மில்லிமீற்றர் மூடல். மணலில் ஒரு பங்கைக் குறைத்துக் கருங்கல் தூள். மேலே கொங்கிறீட் தட்டு இல்லை, ஓட்டுக் கூரை. போடாத கொங்கிறீட்டுக்கு உப்பும் இல்லை, புகையும் இல்லை. சுற்றுமதிலும் இல்லை. வீதிப் பக்கம் தவிர மூன்று பக்கமும் கிளுவையும் பூவரசும் நட்டு வேலி. இதைச் சொன்னபோது அயலவர் பலர் மதில் கட்டப் பணமில்லையோ என்று நினைத்திருக்கலாம். நம் ஊர் மதில்களுக்குள் போன சீமெந்தையும் மணற்குன்றுகளையும் நினைத்தால் எனக்கு அந்த எண்ணம் பாரமில்லை.

மைத்துனரின் சாம்பலை முழுவதும் கைவிடவும் மனம் வரவில்லை. எங்களுக்குச் சீமெந்துக்கல் அரிந்து தரும் இடத்தில் பேசி, குவியலில் கரி குறைந்த சாம்பலை மட்டும் பொறுக்கி, அரித்து, எடையில் 10 சதவீதம் சீமெந்துக்குப் பதிலாகச் சேர்த்து 50 கல் அரிந்திருக்கிறோம். வாளிக் கணக்கில் அளக்கவில்லை. சாம்பல் சீமெந்தைவிட மிக இலேசானது, வாளியால் அளந்தால் கணக்குத் தப்பும். சாம்பல் சேர்க்காத 50 கல்லும் பக்கத்தில் இருக்கிறது. கல்லுக்குள் கம்பி இல்லை, ஆகவே பிழைத்தாலும் கெடுதி சிறிது. 28 ஆம் நாள் இரண்டு வகையிலும் பத்துப் பத்துக் கல்லை நசுக்கிப் பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். சாம்பற்கல் தேறினால் உள்சுவர்கள் அதில் எழும். கல்லரியும் இடத்துக்காரரும் எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் குறையும் சீமெந்து எனக்குரியது. ஊருக்கே கல் அரியும் அவருடைய கலவை மாறினால் குறைவது எத்தனையோ வீடுகளுக்கு.

நாளை குசினி நிலத்துக்குக் கொங்கிறீட். உடைத்த கல்லைத் தொட்டியில் நிரப்பியாயிற்று. இரவு முழுவதும் ஊற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் அம்மா வாளியோடு தொட்டியடியில் நின்று, நீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டிருந்தார்.